நாக்அவுட் கணக்கில் இரண்டு பூஜ்ஜியங்கள்

97.7 விழுக்காடு. டியான்டே வைல்டர் 2024 முடிய வென்ற 43 சண்டைகளில் 42 நாக்அவுட். ஹெவிவெயிட் பட்டியலில் நாம் வழக்கமாக உச்சரிக்கும் பெரிய பெயர்கள் எதற்கும் இந்த விழுக்காடு கிடையாது. முகம்மது அலிக்கு இல்லை, ஜோ லூயிஸுக்கு இல்லை, மைக் டைசனுக்கும் இல்லை.

லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை சிங்கப்பூரில் ஞாயிறு நண்பகலுக்கு வருகிறது. அவர்களுடைய கோடையில் 15 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 16. வாரத்தின் ஒரே விடுமுறை நாளில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் கூடும் ஊழியர்கள் ஒரே கைபேசியைச் சுற்றி நின்று பார்க்க இதைவிடத் தோதான நேரம் அமையாது. அப்படிக் கூடும் இடத்தில் அந்த 97.7 ஒரு துருப்புச்சீட்டு. "டைசனெல்லாம் அப்புறம்ணே, பர்சன்டேஜைப் பாருங்க" என்று ஒருவர் இறக்கிவிட்டால் எதிர்க்கட்சி வாயடைத்துப்போகும்.

வாயடைக்கத் தேவையில்லை. எதால் வகுக்கிறோம் என்று கேட்டால் போதும். மேலே சொன்னது வென்ற சண்டைகளால் வகுத்த கணக்கு. தோற்றவை, சமனில் முடிந்தவை, முடிவற்றுப் போனவை எல்லாவற்றையும் சேர்த்து, ஏறிய மொத்தச் சண்டைகளால் வகுத்தால் பேரேடு இப்படி மாறுகிறது:

ராக்கி மார்சியானோ: 49 சண்டை, 49 வெற்றி, 43 நாக்அவுட். இரண்டு வழியிலும் 87.8.
வைல்டர்: 48 சண்டை, 43 வெற்றி, 42 நாக்அவுட். 97.7 என்பது 87.5 ஆகிறது.
ஜார்ஜ் ஃபோர்மன்: 81, 76, 68. 89.5 என்பது 84.0.
ஜோ லூயிஸ்: 69, 66, 52. 78.8 என்பது 75.4.
டைசன்: 59, 50, 44. 88.0 என்பது 74.6.
ஜோ ஃபிரேசியர்: 37, 32, 27. 84.4 என்பது 73.0.
சோனி லிஸ்டன்: 54, 50, 39. 78.0 என்பது 72.2.
அலி: 61, 56, 37. 66.1 என்பது 60.7.

வைல்டர் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டார், அதுவும் தோல்வியே காணாத மார்சியானோவிடம் வெறும் 0.3 புள்ளியில். டைசனுக்கு விழுந்த அடிதான் பெரிது. இதில் அவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. 58 வயதில் யூடியூப் பிரபலத்தோடு மோதித் தோற்றதையும் 1988இல் ஸ்பிங்க்ஸைச் சாய்த்ததையும் ஒரே பத்தியில் கூட்டும் கணக்கு அது. விழுக்காடு வயது பார்க்காது.

எதிராளியையும் பார்க்காது. அதுதான் இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை. வைல்டரின் முதல் 32 சண்டைகளும் நாக்அவுட், ஒன்றுகூட நான்காம் சுற்றைத் தாண்டவில்லை. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வளரும் ஹெவிவெயிட்டுக்கு யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று முடிவு செய்பவர் போட்டி ஏற்பாட்டாளர். பதிவேட்டை அழகாக வளர்ப்பதும் அவருடைய முதலீடுதான். 33ஆவது சண்டையில், 2015 ஜனவரியில், உலகப் பட்டத்தோடு நின்ற பெர்மேன் ஸ்டிவர்ன் பன்னிரண்டு சுற்றும் தாக்குப்பிடித்தார். பட்டம் கைமாறியது. நாக்அவுட் வரவில்லை. உலகப் பட்டச் சண்டைகளை மட்டும் தனியே எடுத்தால் வைல்டருக்கு 13 சண்டை, 9 நாக்அவுட், அதாவது 69.2 விழுக்காடு. மார்சியானோவுக்கு 7இல் 6. டைசனுக்கு, 1986 நவம்பரில் பெர்பிக்கை வீழ்த்தியதிலிருந்து 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தது வரை, 11இல் 8.

இதே வடிகட்டியில் இன்னும் இருவரைப் போட்டால் வேடிக்கை தெரியும். பிரிட்டனின் ஃபிராங்க் புரூனோ 40 வெற்றிகளில் 38 நாக்அவுட் எடுத்தவர். 95 விழுக்காடு, ஃபோர்மனைவிட அதிகம். உலகப் பட்டச் சண்டைகளில் அவர் எடுத்த நாக்அவுட் எத்தனை? பூஜ்ஜியம். ஐந்து முறை ஏறினார். 1995இல் ஆலிவர் மக்காலைப் புள்ளிக் கணக்கில் வென்றார், மற்ற நான்கிலும் அவரே பாதியில் நிறுத்தப்பட்டார். அடுத்தவர் எர்னி ஷேவர்ஸ். வெற்றிகளில் 92 விழுக்காடு நாக்அவுட். 1970களின் ஆட்டக்காரர்களைக் கேட்டால் முரட்டுக் கை யாருடையது என்பதற்கு முதலில் வரும் பெயர்களில் ஒன்று. உலகப் பட்டத்துக்கு இரண்டு முறை ஏறினார், 1977இல் அலியோடும் 1979இல் லாரி ஹோம்ஸோடும். அங்கும் பூஜ்ஜியம்.

இரண்டு பூஜ்ஜியமும் ஒரே ரகமல்ல. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் கைபலத்தை எடைபோட முடியும் என்பது என் கட்சி.

புரூனோவை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவருடைய கை ஆய்வுக்கூடத்துக்கே போய்வந்த கை. 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மெத்தை சுற்றிய கனமான இலக்கு ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டுக் குத்தச் சொன்னார்கள். கை கிளம்பி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் பயணம். மோதும்போது வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், மணிக்கு 32 கிலோமீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன், பட்ட 14 மில்லிவிநாடிக்குள். மனிதத் தலையில் விழுந்திருந்தால் 6,320 நியூட்டன் வரை போயிருக்கும் என்று கணித்தார்கள். எடையாகச் சொன்னால் ஏறத்தாழ 645 கிலோ. இலக்கு வாங்கிய முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 53 மடங்கு. மெத்தை வைத்த ஆறு கிலோ மரச்சம்மட்டியை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசியதற்குச் சமம் என்று ஒப்பிட்டதும் அவர்களே.

அந்த ஆறு கிலோதான் விஷயமே. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஃபிளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரை ஐந்து எடைப் பிரிவுகளைச் சேர்ந்த ஏழு ஒலிம்பிக் வீரர்கள் பொம்மைத் தலை ஒன்றைக் குத்தினார்கள். சராசரி விசை 3,427 நியூட்டன், கையின் வேகம் விநாடிக்கு 9.14 மீட்டர், குத்துக்குப் பின்னால் நிற்கும் பயனுறு எடை 2.9 கிலோ. வேகத்தைப் பாருங்கள். சிறியவர்களும் கலந்த கூட்டத்தின் சராசரி புரூனோவைவிடக் கொஞ்சம் கூட. பின்னே ஹெவிவெயிட் அடி ஏன் வேறு ரகமாக இருக்கிறது? கையோடு சேர்ந்து தோளும் இடுப்பும் எவ்வளவு உள்ளே வருகின்றன என்பதால். கனத்த பிரிவினரின் விசை கூடியதற்கு வேகத்தைவிட இந்தப் பயனுறு எடைதான் முதன்மைக் காரணம் என்றே அந்த ஆய்வும் சொன்னது. ஆற்றலாகக் கணக்கிட்டால் ஒலிம்பிக் சராசரி 121 ஜூல், புரூனோவின் குத்து 240 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவவிட்டால் கிடைப்பது ஏறத்தாழ இந்த 240தான். வித்தியாசம், மூட்டை விழுவது தரையில். இது தாடையில்.

சிங்கப்பூர்க்காரனுக்கு இந்த இடம் கொஞ்சம் சுடும். நம் ஊர் வளையத்தின் பெருமையெல்லாம் சின்ன எடைக்காரர்கள் தேடித் தந்தது. ஜாலான் புசாரில் 1923இல் திறந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டைக்கும் மல்யுத்தத்துக்கும் சீட்டு வாங்கி உட்கார்ந்த கூட்டம் ஒரு காலத்தில் உண்டு. இன்று அந்த நிலத்தில் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. அங்கிருந்து எட்டி நடக்கும் தூரத்தில் ஃபேரர் பார்க், தலைமுறைகள் பயிற்சி எடுத்த குத்துச்சண்டைக் கூடம் இருந்த இடம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக இறங்கி, 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்ற சையது அப்துல் காதர் 48 கிலோ பிரிவு. 2018இல் இங்கேயே ஐபிஓ உலகப் பட்டத்துக்கு ஏறி, நடுவர்கள் பிரிந்து அளித்த தீர்ப்பில் நமீபியாவின் பாலஸ் அம்புண்டாவிடம் தோற்ற முகமது ரிதுவான் 60 கிலோவை எட்டாதவர். 2020இல் வைல்டரை வீழ்த்திய இரவில் டைசன் ஃபியூரியின் எடை 124 கிலோ. காதரைப் போல் இரண்டரை ஆள். கை வேகத்தில் காதரின் பிரிவுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் தள்ளுவதற்கு உடம்புதான் இல்லை.

ஆய்வுக்கூட எண் கையில் இருப்பதால் பழைய கதைகளையும் சோதிக்கலாம். மார்சியானோவின் கையைப் பற்றி அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு ஒன்று உண்டு. 1955இல் ஒரு சோதனை நிறுவனம் அளந்ததாகச் சொல்லப்படுவது. ஆயிரம் பவுண்டு எடையை ஓரடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அந்தக் குத்தில் இருந்ததாம். பெருக்கிப் பாருங்கள். 454 கிலோ, 30 சென்டிமீட்டர், ஏறக்குறைய 1,350 ஜூல். புரூனோவைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். புரூனோவின் ஆறு கிலோவை மார்சியானோவுக்கும் தாராளமாகக் கொடுத்துவிடுவோம், அவர் 85 கிலோவைச் சுற்றியே சண்டையிட்டவர் என்றாலும். 1,350 ஜூல் வர வேண்டுமானால் கை மணிக்கு 76 கிலோமீட்டரில் போயிருக்க வேண்டும். அளக்கப்பட்ட கைகள் எல்லாம் 32, 33 என்று நிற்க, ஒருவருடையது மட்டும் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் போனது என்றால் அளந்த முறையில்தான் கோளாறு. மார்சியானோவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு இந்த எண்ணின் உதவி தேவையே இல்லை என்கிறேன்.

புதிய இயந்திரங்களும் யோக்கியமில்லை. 2017இல் யுஎஃப்சி வீரர் பிரான்சிஸ் இங்கானு ஒரு குத்து மானியில் 129,161 எடுத்தார், உலகின் மிகக் கனமான குத்து என்று செய்தி பரவியது. 129,161 என்ன? நியூட்டனா, ஜூலா? இரண்டும் இல்லை, அந்த இயந்திரத்தின் சொந்த அலகு. பின்னாளில் அவரைவிட எடை குறைந்த அலெக்ஸ் பெரைரா அதே வகை இயந்திரத்தில் 191,796 என்றார்கள். நியாயமாக இங்கானு பாதி ஆளாகச் சுருங்கியிருக்க வேண்டும். அவரோ 2023 அக்டோபரில் ரியாத்தில் ஃபியூரியையே ஒரு முறை தரையில் உட்கார வைத்தார். அந்தக் குத்து மானி சற்று விலைகூடிய ஆட்டக்கூட இயந்திரம், அவ்வளவுதான். ஆட்டக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள், காசு போட்டதும் தொங்கிக்கொண்டு இறங்கும் பந்தை இளைஞர் ஒருவர் மூன்றடி ஓடிவந்து, கையைப் பின்னாலிருந்து சுழற்றி அடிக்கிறார். பந்து மேலே மடிகிறது, விளக்கு 900ஐத் தாண்டி மின்னுகிறது. அந்தப் பெட்டி பார்ப்பது பந்து மடியும் வேகத்தை. வளையத்துக்குள் ஓடிவந்து கை சுழற்றினால் எதிராளி அதற்குள் இரண்டு ஜாப் வைத்திருப்பான்.

ஆக, இயந்திரம் தரும் எண் கை எவ்வளவு கனம் என்று சொல்லும், எவன் மேல் விழும் என்று சொல்லாது. புரூனோவின் பூஜ்ஜியம் அங்கிருந்து வருகிறது. 4,096 நியூட்டனும் அசையாத இலக்கின் மேல் வந்தது. 1989இல் டைசனைக்கூட முதல் சுற்றிலேயே ஒரு இடது ஹூக்கில் தள்ளாட வைத்தார். ஐந்தாம் சுற்றில் சண்டை முடிந்தபோது நின்றவர் டைசன்.

ஷேவர்ஸின் பூஜ்ஜியம் அப்படியல்ல. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலியோடு காட்சிப் போட்டி ஆடினாரே ஜிம்மி எல்லிஸ், நினைவிருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களில் இருக்கலாம். ஒரு காலத்தில் உலகப் பட்டத்தையே வைத்திருந்தவர். ஃபிரேசியருக்கு அவரை நிறுத்த 1970இல் நாலு சுற்று தேவைப்பட்டது, அலிக்கு 1971இல் பன்னிரண்டு. 1973இல் ஷேவர்ஸ் முதல் சுற்றிலேயே முடித்தார். அலியோடு மூன்று முறை கடைசிச் சுற்று வரை போன கென் நார்ட்டனையும் 1979இல் முதல் சுற்றிலேயே. அதே ஆண்டு ஹோம்ஸை ஏழாம் சுற்றில் ஒரே வலது கையில் மல்லாத்தினார். ஹோம்ஸ் எழுந்து பதினொன்றாம் சுற்றில் ஷேவர்ஸையே நிறுத்திவிட்டார் என்பது வேறு. பட்டப் பத்தியில் பூஜ்ஜியம், ஆனால் விழுந்தவர்களின் பெயரைப் படித்தால் பயம் வருகிறது.

எனவே என் பேரேட்டில் முக்கியமான பத்தி இதுதான்: எளிதில் விழாதவன் யார், அவனை விழத் தட்டியவன் யார்.

அதற்குப் போகுமுன் பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் நடுவே கழிக்க வேண்டியவை சில. எடை ஒன்று. மார்சியானோ இன்று இருந்தால் ஹெவிவெயிட்டே அல்ல, 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட். ஆனால் சிறியவர்கள் இன்றைய ராட்சதர்களைச் சாய்க்க முடியாது என்பது அவசரத் தீர்ப்பு. 1935இல் லூயிஸ் 89 கிலோவில் நின்று 118 கிலோ பிரிமோ கார்னெராவை ஆறாம் சுற்றில் முடித்தார். கையுறை இன்று 10 அவுன்ஸ், முன்பு அதைவிட மெலிது. சுற்றுகள் இன்று 12, முன்பு 15, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டம் பறித்த அந்தப் பிரபலமான வலது கை விழுந்தது 13ஆம் சுற்றில். 12 சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் அட்டையிலும் அவர் பின்தங்கியிருந்தார். 1941இல் பில்லி கான் புள்ளியில் முந்திக்கொண்டிருக்க, லூயிஸ் அவரைச் சாய்த்ததும் 13இல். இன்றைய விதி அன்றிருந்தால் மார்சியானோவின் 49-0 என்ற பதிவே இல்லை.

இப்போது விழாதவர்கள். கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 சண்டைகளில் ஒரு முறைகூடத் தரையில் விழாதவர். அலி அவரை இரண்டு சண்டைகளில் 27 சுற்று அடித்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தியவர்கள் இருவரே, 1967இல் நான்காம் சுற்றில் ஃபிரேசியர், 1970இல் மூன்றாம் சுற்றில் ஃபோர்மன். அப்படிப்பட்ட ஃபிரேசியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை தரையில் போட்டார். கடைசி அடியில் ஃபிரேசியரின் பாதங்கள் மேடையை விட்டு எழும்பியதைப் படத்தில் நிறுத்திப் பார்க்கலாம். எதிராளி ஒன்றும் சின்ன ஆளில்லை, 97 கிலோ. 1974 மார்ச்சில் நார்ட்டனுக்கும் அதே இரண்டு சுற்று. இருபது ஆண்டு கழித்து, 45 வயதில், ஒன்பது சுற்று வாங்கிக் கட்டிக்கொண்டபின் பத்தாவதில் மைக்கேல் மூரரை ஒரு குட்டையான வலது கையால் படுக்க வைத்து மீண்டும் பட்டம் வாங்கினார். கால் போயிருந்தது, வேகம் போயிருந்தது. கனம் மட்டும் போகவில்லை.

ஃபோர்மன் கணக்கிலும் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. 1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் விடியற்காலை, சிங்கப்பூரில் முற்பகல் பத்தரை வாக்கில். ஆளுக்கு 50 லட்சம் டாலர் பேசப்பட்ட சண்டையில் அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஏழு சுற்று அந்தக் கையை வாங்கினார், எட்டாவதில் திருப்பிக் கொடுத்தார். குத்தை வீணடிக்க வைக்கும் கலையில் அலிக்கு நிகர் இல்லை என்பதற்கு அது ஆதாரம். ஃபோர்மன் கை இலேசு என்பதற்கு அல்ல.

வைல்டருக்கு வருகிறேன். 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் எடை 96 கிலோ, ஃபியூரி 116. பன்னிரண்டாம் சுற்றில் ஒரு வலது, விழும்போதே ஒரு இடது. ஃபியூரி கைகளை விரித்து மல்லாந்து கிடக்கிறார், கண் திறக்கவில்லை. வைல்டர் மூலைக்கு ஆடிக்கொண்டே போகிறார். நடுவர் எண்ண ஆரம்பிக்கிறார். ஒன்பதில் ஃபியூரி எழுந்து நின்றார், சண்டை சமனில் முடிந்தது. மூன்று சண்டைகளில் வைல்டர் அவரை நாலு முறை தரையில் போட்டார். நாலு முறையும் எழுந்தார். தன்னைவிட 20 கிலோ கூடுதலான ஆளை ஒற்றைக் கையால் சாய்க்க முடிந்தது என்பதற்காக வைல்டரை ஷேவர்ஸுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பேன், ஒற்றைக் குத்தின் கனத்தில் ஒருவேளை ஓரங்குலம் மேலேயே. ஆனால் 97.7க்காக அல்ல. ஃபியூரியைத் தவிர்த்தால் அவர் சாய்த்தவர்களில் சுவாலோவோ ஃபிரேசியரோ இல்லை. சற்றுப் பக்கத்தில் வருபவர் லூயிஸ் ஓர்டிஸ், அவரை இரண்டு முறை நிறுத்தினார். அது வரவில் சேரும்.

என் வரிசையில் ஃபோர்மன் முதலில், சற்றுத் தள்ளி ஷேவர்ஸும் வைல்டரும், அவர்களோடு தோள் உரசிக்கொண்டு ஜோ லூயிஸ். புரூனோவை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிடலாம்.

டைசன் எங்கே என்று தேக்காவில் யாராவது சட்டையைப் பிடிப்பார்கள். பலர் சொல்வது 1988 ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 91 விநாடி. டைசனுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர், விநாடிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். விலை அது, கனம் அல்ல. ஸ்பிங்க்ஸ் லைட் ஹெவியிலிருந்து ஏறி வந்தவர். டைசனுக்காக வாதாட நினைப்பவர்கள் அதற்கு ஐந்து மாதம் முந்தைய ஜனவரிச் சண்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லாரி ஹோம்ஸ் 75 சண்டை ஆடியவர், ஷேவர்ஸின் அந்த வலது கையையே வாங்கிவிட்டு எழுந்தவர். அந்த 75இல் அவரைப் பாதியில் நிறுத்தியது ஒரே ஒருவர்தான், நான்காம் சுற்றில். அப்போது ஹோம்ஸுக்கு 38 வயது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு வளையத்துக்கு வெளியே இருந்தவர் என்று எதிர்க்கட்சி உடனே சொல்லும். சொல்லட்டும், அதையும் எழுதிக்கொள்ளலாம். டைசனை லூயிஸுக்கு அடுத்து வைக்கிறேன்.